பார்ப்பவன் தீர்ப்பே தீர்ப்பு

ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு வடக்கே சூசூவாடி. அதனைக் கடந்தால் கருநாடகத்தின் அத்திப்பள்ளி. இடையே மலையில்லை, பேராறும் இல்லை. காலையில் இப்பக்கமிருந்து அப்பக்கம் வேலைக்குப் போவோரும், அப்பக்கமிருந்து இப்பக்கம் வருவோரும் ஓர் எல்லையைக் கடந்ததாகவே எண்ணுவதில்லை. அவ்வெல்லை உண்டு என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவன இரண்டு. ஒன்று காவிரி, மற்றொன்று திரைப்படம்.

காவிரிச் சிக்கல் முற்றும்போது எல்லை எவ்வாறு இறுகும் என்பதை 1991ஆம் ஆண்டின் இறுதியிலும் 2016 செப்தம்பரிலும் ஓசூர் கண்டது. முன்னதில் பெங்களூர்த் தமிழர் உடைமை இழந்து தமிழகம் நோக்கி ஓடிவந்தனர். பின்னதில் தமிழ்நாட்டுப் பதிவெண் தாங்கிய பேருந்துகள் பெங்களூரில் கொத்துக் கொத்தாய் எரிக்கப்பட்டன. திரைப்படத்தால் எல்லை இறுகிய கதை அண்மையது. 2025 மேத் திங்களில் 'தக் லைஃப்' என்னும் படத்தின் விழாமேடையில், கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்னும் கருத்துப்பட நடிகர் கமலகாசன் பேசினார். மன்னிப்புக் கேட்டாலன்றிப் படம் ஓடாது என்றது கருநாடகத் திரைப்பட வணிக அவையம். அவர் கேட்கவில்லை. சூன் 5ஆம் நாள் பிறவிடங்களில் வெளிவந்த அப்படம் கருநாடகத்தில் வெளிவரவில்லை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. தணிக்கைச் சான்று பெற்ற படத்தைக் கும்பலின் மிரட்டலுக்கு விட்டுக்கொடுத்தல் ஆகாது என அம்மன்றம் கருநாடக அரசை இடித்துரைத்தது. அதற்குள் இரு கிழமைகள் கடந்துவிட்டன.

தமிழும் கன்னடமும் ஒரே குடும்பத்து மொழிகள் என்பதைக் கால்டுவெல் 1856இலேயே தம் ஒப்பிலக்கண நூலில் நிறுவினார். அவ்வுறவின் வகையும் வயதும் மொழிநூலார் சான்று காட்டி ஆயவேண்டிய பொருள். பாட்டுவெளியீட்டு மேடையில் ஒற்றை வரியில் சொல்லி முடிப்பதற்கும் உரியதன்று. வணிகர் கூடி மன்னிப்பை விலையாகக் கேட்பதற்கும் உரியதன்று. அது நிற்க. ஈண்டு நோக்கவேண்டியது வேறொன்று.

படம் தடுக்கப்பட்ட அந்நாள்களில் பெங்களூர்ச் சுவைஞர் பலர் எல்லை தாண்டி ஓசூர்த் திரையரங்குகளுக்கு வந்தனர். தடுக்கப்பட்டதைப் பார்த்தே தீர்வது என்னும் வீம்பு சிலர்க்கு; தமிழ்ப்படம் என்னும் பற்றுச் சிலர்க்கு; நடிகர்மேல் வைத்த மயக்கம் பலர்க்கு. 1987இல் 'நாயகன்' தந்த அதே இயக்குநரும் அதே நடிகரும் 38 ஆண்டுகட்குப் பின் இணைந்த படம் என்னும் எதிர்பார்ப்பு எல்லார்க்கும் இருந்தது. படம் முடிந்து வெளிவந்தபோது அவர்களுட் பெரும்பாலோர் முகத்தில் மலர்ச்சியில்லை. கதை ஒட்டவில்லை என்றனர்; நடிப்பு இருக்கிறது, நெஞ்சில் தைக்கவில்லை என்றனர். அங்கே கும்பல் தடுத்த படத்தை இங்கே பார்த்தவர்கள் ஒதுக்கினார்கள். முன்னது வன்முறை, பின்னது தீர்ப்பு. இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்ந்தவன் திரைப்படத்தைப் பற்றிப் பேசத் தகுதியுடையவன் ஆகிறான்.

இன்னொன்றும் அப்போது பலர் கண்ணுக்குத் தப்பிற்று. எந்தப் படத்தின்பொருட்டுத் தமிழின் முதுமை இரு மாநிலத்தும் பேசப்பட்டதோ, அப்படத்தின் பெயரில் தமிழ் ஓரெழுத்தும் இல்லை! 'தக்' என்னும் சொல் வடநாட்டு வழிப்பறியாளர் பெயராய் ஆங்கிலத்திற் புகுந்தது, 'லைஃப்' ஆங்கிலம். கன்னடத்துக்குத் தாய் எனப் பெருமை பேசப்பட்ட மொழி தன் படத்துக்கு ஒரு பெயர் ஈனமுடியாத மலடியா? இவ்வினாவைக் கருநாடகத்தார் கேட்கவில்லை; கேட்டிருப்பின் விடைசொல்ல இயலாமல் தலைகுனிந்திருக்க நேர்ந்திருக்கும்.

பெயர்ச்சிக்கல் இன்று முளைத்ததன்று. 2004ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம், மருத்துவர் இராமதாசும் தொல். திருமாவளவனும் முன்னிற்க, ஆங்கிலப் பெயர்களை எதிர்த்துப் போராடியது. 2005இல் 'பி.எஃப்.' என்று பெயரிடப்பட்ட படம் 'அன்பே ஆருயிரே' ஆயிற்று. 2006இல் தமிழ்நாட்டரசு, தமிழ்ப் பெயர் சூடிய படங்களுக்குக் கேளிக்கை வரியை முற்றும் நீக்கியது. உடனே மாயம் நிகழ்ந்தது! 'சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்' என்றிருந்தது முன்னொட்டை உதறி 'உனக்கும் எனக்கும்' என நின்றது. 'ஜில்லுனு ஒரு காதல்', 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்ட பெரும்படம் 2010இல் 'எந்திரன்' என்னும் அழகிய பெயரோடு வெளிவந்தது. தமிழில் பெயர் கிடைக்கவில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர் அனைவர்க்கும் ஒரே நாளில் அகரமுதலி கைக்கு எட்டியது. 2011இல் அவ்விலக்குக்குத் தணிக்கைச் சான்றின் வகை முதலிய கட்டுப்பாடுகள் சேர்க்கப்பட்டன. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தது. பழைய விலக்கு பொருளற்றுப் போயிற்று. அதன்பின் வந்த பெரும்படங்களின் பெயர்களை அடுக்கிப் பார்க்க: 'மாஸ்டர்', 'டாக்டர்', 'பீஸ்ட்', 'டான்', 'ஜெயிலர்', 'லியோ', 'குட் பேட் அக்லி', 'ரெட்ரோ', 'டிராகன்', 'டியூட்'. வரிக்காக வந்த தமிழ் வரியோடு போயிற்று.

இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. அரசின் சலுகை பெயர்ப்பலகையை மாற்றும், உள்ளத்தை மாற்றாது. முதலிட்டவன் அஞ்சுவது அரசின் ஆணைக்கன்று. அரங்கில் காலியாய்க் கிடக்கும் இருக்கைக்கு. ஆகலின் தமிழ்த்திரையைத் திருத்தும் ஆற்றல் கோட்டையில் இருப்பதைக் காட்டிலும், நுழைவுச்சீட்டு வாங்கி இருட்டில் அமர்கின்ற எளியவனிடமே மிகுதியாக உள்ளது. அவ்வெளியவன் தன் ஆற்றலை அறிந்திருக்கின்றானா என்பதே வினா.

ஓசூரின் எளியவன் யாவன்? 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த நாள்தொட்டு இங்கே சரக்குந்தும் இருசக்கர உந்தும் கைக்கடிகாரமும் உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் கைகள் கிருட்டிணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவை. இரவுமுறை வேலை முடித்து, ஓய்வுநாளில் குடும்பத்தோடு அவன் போகும் இடம் திரையரங்கு. நூலகத்துக்குப் போகாதவன் அவன், தமிழ்மன்றத்தின் படியேறாதவன். பள்ளி முடித்தபின் அவன் செவியில் விழும் தமிழிற் பெரும்பகுதி திரையில் கேட்பதே. பக்கத்து வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் உருது, தொழிற்சாலை மேலாளரிடம் ஆங்கிலம் என்று வாழ்பவனுக்குத் திரையின் தமிழே நாளடைவில் தன் தமிழாகிறது. இங்குள்ள தெலுங்கரும் கன்னடரும் தத்தம் தாய்மொழிப் படங்களை இதே அரங்குகளில் பார்க்கின்றனர். அஃது அவர்தம் உரிமை. அதில் குறைகூற ஒன்றுமில்லை. தமிழனுக்குத் தமிழ்ப்படம் எத்தகைய தமிழைத் தருகிறது என்பதே கேள்வி.

திரைக்காக அவன் படும் பாடு சிறிதன்று. பெங்களூரின் பல்திரை அரங்குகளில் கட்டணம் விண்ணை முட்டுவதால் அங்குள்ளோர் ஓசூருக்கு வருவதுண்டு. 2025 செப்தம்பரில் கருநாடக அரசு நுழைவுச்சீட்டுக்கு 200 உருபா என வரம்பு கட்டியது. அத்திங்களிலேயே அம்மாநில உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஓசூர் இளைஞரோ எதிர்த்திசையில் ஓடுகின்றனர். 2023 சனவரியில் 'துணிவு' வெளியான நாளில் சென்னையில் ஓர் இளைஞர் ஓடும் சரக்குந்தின்மேல் ஆடி விழுந்து இறந்தபின், தமிழ்நாட்டில் விடியற்காலைக் காட்சிகளுக்கு அரசு இசைவு தருவதில்லை. பெரும்படங்களின் முதற்காட்சி இங்கே காலை 9 மணிக்கே. மூன்று மணிநேரம் முந்திப் பார்த்துவிடவேண்டும் என்று இருட்டில் உந்தேறிப் பெங்களூருக்குப் பறக்கின்றனர். கதையை அறியும் விருப்பமன்று அது. பிறர்க்கு முன் பார்த்தேன் என்னும் வீண்பெருமை. அப்படி ஓடியவன் படத்தைப் பழிக்கமாட்டான். பழித்தால் தன் ஓட்டத்தைப் பழித்தவன் ஆவான். தீர்ப்பு அங்கேயே செத்துப்போகிறது.

வெளியே வந்து அவன் சொல்வது என்ன? 'ஃபர்ஸ்ட் ஹாஃப் செம மாஸ், செகண்ட் ஹாஃப் கொஞ்சம் லேக்.' ஆயிரம் படத்துக்கும் இதே சொற்கள். இதனால் எதனை அறிவது? எது நன்று, எது தீது, எவ்விடத்தில் கதை தொய்ந்தது, எந்த மாந்தன் பொய்யாய்த் தோன்றினான் என்பதில் ஒன்றும் அதில் இல்லை. இதே மண்ணில் பாரதக்கூத்தை விடிய விடியப் பார்த்த பாட்டன் எழுத்தறியாதவன். ஆயினும் கூத்தன் அடவு பிசகிய இடத்தை அவன் சுட்டிச் சொன்னான். திரௌபதிக்கு அழுகை வரவில்லை, வெறும் கூச்சலே வந்தது என்றான். இழுவை, சவசவ, உப்புச்சப்பில்லை, எடுப்பு, தொய்வு, முறுக்கு, கனிவு என்று அவன் வாயில் ஐம்பது சொற்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு தனி அளவுகோல். பேரனிடம் இருப்பது 'மாஸ்' என்னும் ஒற்றைக்கோல். சொல் சுருங்கினால் அறிவும் சுருங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தொல்காப்பியர் உள்ளத்து உணர்வுகளை எட்டு மெய்ப்பாடாக வகுத்தார். சிரிப்பும் உண்டு, அழுகையும் உண்டு; இழிவுணர்வும் வியப்பும் உண்டு; பெருமிதமும் மகிழ்ச்சியும் உண்டு; அச்சமும் சினமும் உண்டு. அவ்வெட்டையும் அளவையாகக் கொண்டு அண்மைப் பெரும்படங்களை நிறுத்துப் பார்த்தால் ஆறு தட்டுகள் வெறுமையாய்த் தொங்கும். சினமும் அச்சமுமே எஞ்சும். 2024 நவம்பரில் வந்த 'கங்குவா'வைப் பார்த்தவர் பலர் முதற்கண் குறைகூறியது கதையைப் பற்றியன்று, காதைத் துளைத்த இரைச்சலைப் பற்றி! 2025 ஆகத்தில் வந்த 'கூலி' பெரியவர் மட்டுமே பார்க்கத்தக்கது எனச் சான்று பெற்றது. குழந்தைகளோடு வந்தோர் உள்ளே விடப்பட வழியில்லை. கூலி என்பது தூய தமிழ்ச்சொல். வெள்ளையன் அதனைக் கப்பலேற்றி உலகெங்கும் ஏழைத் தொழிலாளிக்கு இழிபெயர் ஆக்கினான். அச்சொல்லைப் பெயராகக் கண்டு, தன் வியர்வை திரையில் தெரியும் என்று நம்பிச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளி, கடத்தற் கூட்டத்தின் கொலைகளையே மிகுதியாகக் கண்டு திரும்பினான். பெயர் தமிழாயின் போதும் என்பார்க்கு இப்படம் விடை. தமிழ்ப்பெயர் வாயில், வீடு உள்ளே இருக்கவேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2025 மே முதல்நாள் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யில், பொருள்முடையால் ஈழத்திலிருந்து சென்னை வந்த குடும்பம் ஒன்று, தன் தமிழின் ஒலியால் காட்டிக்கொடுக்கப்படுவோமோ என அஞ்சி வாழ்கிறது. சிரிப்பும் அழுகையும் கலந்த எளிய படம். பெரிய நடிகரின் ஆரவாரம் இல்லை. ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ள கிருட்டிணகிரி மாவட்டத்தில் அப்படத்தின் பொருள் பிறவிடத்தினும் ஆழமாய்ப் பதியும். ஒருவன் பேசும் தமிழே அவன் உயிர் என்று காட்டிய படத்துக்கு ஆங்கிலப் பெயர்! படத்தைப் புகழ்க; பெயரைக் கண்டிக்க. இரண்டையும் ஒரே மூச்சிற் செய்ய வல்லவனே நேர்மையான சுவைஞன். 2024இல் வந்த 'வாழை' தாரின் கனத்தைச் சிறுவன் தோளில் ஏற்றிக் காட்டியது. இராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக்கூடை சுமந்தவனுக்கு அக்கனத்தை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு வந்த 'மெய்யழகன்' சண்டையின்றி ஓரிரவுப் பேச்சிலேயே உறவின் இனிமையைக் காட்டியது. நீளம் என்று பார்த்தவர் சிலர் சொன்னதால் வெளிவந்த சில நாளில் அதன் பகுதிகள் வெட்டப்பட்டன. வெட்டியது முறையா என்பது வேறு. பார்ப்பவன் வாய்திறந்தால் படைப்பவன் கத்தரிக்கோல் எடுக்கிறான் என்பது தெளிவு.

அத்தகைய ஆற்றலை முதலிட்டோர் அறிவர், ஆகவே அஞ்சுகின்றனர். 'கங்குவா'வுக்குப் பின், திரையரங்கு வளாகத்துள் பார்வையாளர் கருத்தைப் படம்பிடிக்க வலையொளியாளரை விடலாகாது என்று படமுதலாளிகளின் அமைப்பு கேட்டுக்கொண்டது. படம் வெளிவந்த முதல் மூன்று நாள் திறனாய்வுக்கே தடை வேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. கருத்துரிமையைச் சுட்டி, 2024 திசம்பரில் மன்றம் அத்தடையை விதிக்க மறுத்தது. பெங்களூரில் கும்பல் படத்தைத் தடுத்தால் உரிமை பறிபோயிற்று என்று முழங்குவோர், சென்னையில் பார்ப்பவன் வாயைத் தடுக்க முயல்வது என்ன முறை? கூலி பெற்றுப் புகழ்வோரும், பகைகொண்டு இகழ்வோரும் வலையொளியில் உண்டு என்பது மெய். அதற்கு மருந்து வாய்ப்பூட்டன்று. பொய்த்தீர்ப்பை மெய்த்தீர்ப்பால் வெல்வதே.

கன்னடர் வரலாறும் இதற்கு ஒரு பாடம். பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் மொழிமாற்றி வெளியிடலாகாது என்னும் எழுதாத் தடையை அவர்கள் பல பத்தாண்டுகள் காத்தனர். 2015இல் இந்தியப் போட்டி ஆணையம் அது முறையன்று எனத் தீர்த்தது. மதில் வீழ்ந்தபின் கன்னடத்திரை அழியவில்லை. துளுநாட்டுக் காட்டையும் தெய்வ வழிபாட்டையும் அம்மண்ணின் பேச்சோடு காட்டிய 'காந்தாரா' 2022இல் எல்லை கடந்து ஓசூரிலும் அரங்கு நிறைத்தது. மதில் செய்யாததை மண் செய்தது.

மண் என்றால் அண்டையிலுள்ள கோலாரைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. 1880 முதல் 2001 வரை அத்தங்கவயலின் ஆழ்சுரங்கங்களில் இறங்கி, பாறைத்தூள் தின்று, நுரையீரல் இற்று மடிந்தோரிற் பெரும்பாலோர் வடார்க்காட்டுப் பக்கத்திலிருந்து சென்ற தமிழர். 2018இலும் 2022இலும் வந்த 'கே.ஜி.எஃப்.' படங்கள் அவ்வயலின் பெயரை எடுத்துக்கொண்டன. அத்தொழிலாளியின் வரலாற்றை எடுத்துக்கொள்ளவில்லை. துமுக்கி முழங்கும் தனிவீரன் கதையை ஓசூர்த் தமிழன் சீழ்க்கையடித்துப் பார்த்தான். திரையில் காணாமற்போனவன் தன் பாட்டன் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. 2024 ஆகத்தில் வந்த 'தங்கலான்' அப்பாட்டனைத் தமிழ்ப்பெயரோடு கொண்டுவந்தது. அதில் உரையாடல் தெளிவாய்க் கேட்கவில்லை, கனவும் நனவும் குழம்பின என்று பார்த்தவர் சொன்ன குறைகளில் உண்மை உண்டு. தமிழர் கதை என்பதற்காக அக்குறையை மறைத்தல் வேண்டா. காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சாகலாம். கலைக்கு அவ்வழக்கு ஒவ்வாது. குறையைச் சொல்லி, இக்கதையை இன்னும் செம்மையாய்ச் சொல்க என்று கேட்பதே அப்பாட்டனுக்குச் செய்யும் கடன்.

எனவே ஓசூர், கிருட்டிணகிரித் தமிழிளைஞர் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பார்த்த படத்தைப் பற்றித் தமிழிற் பேசுக. 'நன்று', 'தீது' என்பதோடு நில்லாமல் எவ்விடத்தில், எதனால் என்பதைச் சொல்க. இரண்டாவது, நடிகனுக்காகவோ சாதிக்காகவோ மொழிக்காகவோ பொய்த்தீர்ப்புச் சொல்லற்க. பிறமொழியில் வந்த நல்லதைப் புகழவும் தமிழில் வந்த தீயதை ஒதுக்கவும் தயங்கற்க. மூன்றாவது, தமிழ்ப்படத்துக்குத் தமிழ்ப்பெயர் எங்கே என்று ஒவ்வொரு முறையும் கேட்க. கைப்பேசியிற் கேட்க, அரங்க மேலாளரிடம் கேட்க, விழாவுக்கு வரும் நடிகரிடம் நேர்நின்று கேட்க. வரிவிலக்கு ஒருமுறை செய்ததை, ஓயாத கேள்வி நிலையாகச் செய்யும்.

ஒரு நாட்கூலியைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவன் மூன்று மணிநேரம் வாய்மூடி அமர்ந்திருப்பது முறையே. விளக்கு எரிந்தபின்னும் அவன் வாய்மூடி இருத்தல் முறையன்று. வாய் திறக்கட்டும், தமிழில் திறக்கட்டும்!